குதிரையின் நாடியும் என் கட்டைவிரலும்

சத்தம் போடாத நோயாளி பிழைத்துக்கொண்ட நோயாளி என்று நான் நம்பினேன். தி. நகரில் ஒரு ஜவுளிக்கடையின் இரண்டாவது மாடியில் இருபத்திரண்டு வருடம் பட்டுப்புடவைப் பிரிவைப் பார்த்துக்கொண்டவன் வேறெப்படி நம்புவான்? பார்டர் சரியில்லை, சாயம் போகும், போன தடவை ஏமாற்றிவிட்டீர்கள் என்று கத்துகிறவர்கள்தான் எங்களுக்கு ஆபத்து. வாயை மூடிக்கொண்டு ஒரே புடவையைத் தடவிக்கொண்டிருக்கும் அம்மாவைப் பற்றிக் கவலையே இல்லை. அந்தக் கேஸ் முடிந்தது, பில் போடலாம். இந்த ஞானத்தைத்தான் நான் குதிரைகளிடம் கொண்டுபோனேன்.

என் நாற்பத்தெட்டாவது வயதில் முதலாளி அந்த மாடியை ரெடிமேடுக்கு ஒதுக்கிவிட்டு எங்களை வீட்டுக்கு அனுப்பினார். இரண்டு மாதம் சும்மா இருந்து பார்த்தேன். பிறகு குதிரை மருத்துவ உதவியாளர் பயிற்சியில் சேர்ந்தேன். ஆறு மாதம். ஏன் குதிரை என்று கேட்பவர்களுக்கு ஆளுக்குத் தகுந்தபடி விதவிதமாகப் பதில் சொல்லியிருக்கிறேன். உண்மை ஒன்றுதான்: அந்த அறிவிப்பில் வயது வரம்பு போட்டிருக்கவில்லை.

"குதிரையா?" என்றாள் மனைவி. "தெருநாய் குரைச்சா நாலு வீடு தள்ளிப் போக ஆட்டோ பிடிக்கிற ஆளு நீங்க."

அவள் சொன்னது அவதூறு. ஒரே ஒரு தடவைதான் பிடித்தேன்.

கிளினிக் ராஜா அண்ணாமலைபுரத்தில், ஒரு பழைய பங்களாவின் பின்பக்கம், வாடை வந்தால் ஆறு பக்கத்தில்தான் என்று தெரிந்துகொள்ளக்கூடிய இடத்தில் இருந்தது. தகரக் கூரை போட்ட ஐந்து கொட்டடிகள், ஒரு மருந்தறை, ஒரு மாமரம். கடற்கரையில் சவாரி விடும் குதிரைகள், கல்யாண ஊர்வலத்துக்குப் போகும் குதிரைகள், இனி எதற்கும் ஆகாது என்று யாரோ நடுரோட்டில் அவிழ்த்துவிட்ட குதிரைகள், எல்லாம் அங்கே வரும். ஒவ்வொரு கொட்டடி வாசலிலும் ஒரு வெள்ளைப் பலகை. மணி, நாடி, வயிற்றுச் சத்தம், ஈறின் நிறம். பயிற்சி மாணவனின் வேலை அந்தப் பலகையை நிரப்புவது.

டாக்டருக்கு முப்பத்திரண்டு வயது. கடையில் எனக்குக் கீழே புடவை மடித்த பெண்களின் வயது. என் நரைக்கு மரியாதை கொடுத்து என்னை 'சார்' என்பார். அந்த 'சார்' சேர்ந்தால் திட்டு இன்னும் நன்றாக உள்ளே இறங்கும் என்பதை முதல் வாரத்திலேயே தெரிந்துகொண்டேன்.

முதல் வாரத்தில் ஒரு குதிரை கழுத்தை நீட்டி மேலுதட்டைச் சுருட்டிப் பல்லைக் காட்டியது. வலிப்பு என்று கத்திக்கொண்டே மருந்தறைக்கு ஓடினேன். பக்கத்துக் கொட்டடியில் பெண்குதிரை மூத்திரம் பெய்திருந்தது. இந்தக் குதிரையார் அதை முகர்ந்து ரசித்துக்கொண்டிருந்தார். இரண்டாவது வாரம் ஒரு குதிரை பின்னங்கால் ஒன்றை மடக்கி, குளம்பின் நுனியை மட்டும் தரையில் ஊன்றி, அசையாமல் நின்றது. கால் உடைந்துவிட்டது என்று அறிவித்தேன். அது நின்றுகொண்டே தூங்கிக்கொண்டிருந்தது. நான் கத்தியதில் விழித்துக்கொண்டு, உடையாத அந்தக் காலாலேயே தடுப்புப் பலகையை உதைத்து உடைத்தது.

அதோடு மருந்தறையில் இருக்கும் கம்பவுண்டர் அக்கா எனக்கு 'சைரன்' என்று பேர் வைத்தார். சாந்தோம் பக்கத்து அம்மா. ஞாயிறு காலை மாதா கோயிலில் பாடுகிறவர். மற்ற ஆறு நாளும் எங்களைச் சாகடிக்கிறவர். "சைரன் அண்ணே, சாப்ட்டாச்சா? இல்ல, அதுக்கும் ஒரு தடவை ஊதிட்டுத்தான் உக்காருவீங்களா?"

மூன்றாவது வாரம் நாடி பார்க்கக் கற்றுக்கொண்டேன். குதிரைக்குத் தாடை எலும்பின் கீழ் விளிம்பில் ஒரு ரத்தக்குழாய் ஓடுகிறது. விரலை வைத்தால் கயிறு மாதிரி உருளும். அரை நிமிடம் எண்ணி இரண்டால் பெருக்க வேண்டும். முப்பதிலிருந்து நாற்பதுக்குள் இருந்தால் சுகம். நான் வைத்தேன், எண்ணினேன், பெருக்கினேன். நூற்றுப்பத்து.

"டாக்டர், இது போயிடும் போல இருக்கு."

குதிரை வைக்கோல் மென்றுகொண்டிருந்தது. டாக்டர் வந்து இரண்டு விரலை வைத்தார். கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

"முப்பத்தாறு. நீங்க எந்த விரலை வெச்சீங்க?"

நான் கட்டைவிரலைக் காட்டினேன்.

"கட்டைவிரல்ல உங்க நாடியே துடிக்கும் சார். அரை நிமிஷமா நீங்க எண்ணினது உங்களை. நூத்திப்பத்துன்னா ஈசிஜி எடுக்க வேண்டியது இதுக்கு இல்ல."

"ஒரு ஊசி இருக்குதுண்ணே, போட்டு விடட்டா?" என்று மருந்தறை ஜன்னலிலிருந்து குரல் வந்தது. "குதிரை டோஸ்தான். பொறுத்துக்குவீங்கல்ல?"

அன்றிலிருந்து யாராவது என்னைப் பார்த்தால் கட்டைவிரலை உயர்த்திக் காட்டுவார்கள். உலகத்தில் மற்ற எல்லோருக்கும் அது பாராட்டு.

அந்த வெள்ளைப் பெண்குதிரை வந்தது மூன்றாவது மாதத்தில், ஒரு முகூர்த்த நாளுக்கு மறுநாள், காலை பத்து மணிக்கு. பட்டினப்பாக்கத்திலிருந்து குதிரைக்காரர் அதை நடத்தியே அழைத்து வந்திருந்தார். அறுபது வயது இருக்கும் அவருக்கு. பிடரி மயிரில் முந்தின நாள் கல்யாணத்து ஜிகினா நாடா இன்னும் பின்னியிருந்தது. குதிரையின் விலாப்பக்கம் வேர்வையில் நனைந்து, வெள்ளைத் தோலின் கீழே சாம்பல் நிறம் தெரிந்தது.

"டாக்டரம்மா, பாப்பா விடிகாலைலேந்து ஒரு மாரியா கீது. படுக்குது, ஏந்திருக்குது. வயித்தையே திரும்பித் திரும்பிப் பாத்துக்கினு கீது."

"நேத்து இன்னா குடுத்தே?" டாக்டர் யாரிடம் பேசுகிறாரோ அவர் பாஷைக்கே போய்விடுவார்.

"தி. நகர்ல மாப்ள ஊர்கோலம். நல்லா ஆடிச்சி. மண்டபத்துல மிஞ்சன சோறு ரெண்டு பக்கெட்டு குட்த்தாங்க. சும்மா வெறும் புல்லையே துண்ணுக்கினு கீதே, ஒரு நாளாச்சும் வயிறு நெறையத் துண்ணட்டுமேன்னு…"

டாக்டர் ஸ்டெதஸ்கோப்பைக் காதில் மாட்டிக்கொண்டே சொன்னார்: "பாசத்துல குட்த்துட்ட. கோவத்துல குட்த்திருந்தா கம்மியா குட்த்திருப்ப."

அவர் அதற்குத் தலையாட்டினார். திட்டு என்றே எடுத்துக்கொள்ளவில்லை.

குதிரைக்கு வாந்தி வராது. உள்ளே போனது மேலே திரும்ப முடியாதபடி அதன் உடம்பைச் செய்துவைத்திருக்கிறது. சோறு வயிற்றில் ஊறி, புளித்து, பொங்கினால் ஒரே வழிதான் உண்டு. நாம் மூக்கு வழியாக ட்யூப் விட்டு இறக்க வேண்டும். டாக்டர் விட்டார். நான் தலைக்கயிற்றைப் பிடித்துக்கொண்டு வேறு பக்கம் பார்த்தேன். ட்யூபின் மறுமுனையிலிருந்து புளித்த கஞ்சி மாதிரி ஒரு தண்ணீர் பக்கெட்டில் கொட்டியது. பாதி பக்கெட் ஆனதும் பாப்பா ஒரு பெருமூச்சு விட்டது. நானும் விட்டேன். நாடி நாற்பத்தெட்டு. வலிக்கு ஊசி போட்டார்கள்.

பதினொன்றே முக்காலுக்கு டாக்டருக்கு போன் வந்தது. தி. நகரில் வேறொரு ஊர்வலக் குதிரை, லாரியிலிருந்து இறக்கும்போது சறுக்கி, நடைபாதைக் கம்பித் தடுப்பில் விழுந்து, தொடை கிழிந்து ரோட்டில் கிடக்கிறதாம். அங்கே வேறு யாரும் இல்லை. பையை எடுத்துக்கொண்டே என்னிடம் வந்தார்.

"அரை மணிக்கு ஒரு தடவை நாடி. ரெண்டு விரல். கட்டைவிரல் கெடையாது. சோறு இன்னும் உள்ள இருக்கு, மறுபடி பொங்கும். நாடி அறுபதைத் தாண்டினா உடனே போன் பண்ணுங்க. எங்க இருந்தாலும் இருபது நிமிஷத்துல வந்து திருப்பி ட்யூப் போட்டு இறக்கிடுவேன், பொழைச்சுக்கும். வயிறு வெடிச்சுதுன்னா அப்புறம் நான் வந்தும் ஒண்ணும் கெடையாது. புரிஞ்சுதா சார்?"

புரிந்தது. வெடிப்பது என்றால் என்னவென்று எனக்குத் தெரியாதா? பைக் டயர் வெடித்துப் பார்த்திருக்கிறேன். அப்படி ஏதாவது நடந்தால் ஊருக்கே கேட்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

பன்னிரண்டேகாலுக்கு இரண்டு விரல் வைத்து எண்ணினேன். ஐம்பத்திரண்டு. எழுதினேன். எழுதி முடிக்கும்போது குதிரை வாயை அகலத் திறந்து, கண்ணைச் சொருகி, தாடையை இடமும் வலமும் ஆட்டியது. போனை எடுத்துவிட்டேன்.

"சொல்லுங்க. எவ்ளோ?" பின்னால் ஹாரன் சத்தம், யாரோ குதிரையை அமுக்கிப் பிடி என்று கத்தும் சத்தம்.

"ஐம்பத்திரண்டு. ஆனா வாயை ஒரு மாதிரி…"

"கொட்டாவி. நான் இங்க ரத்தக்குழாயைக் கையில புடிச்சிட்டு நிக்கிறேன் சார். அறுபதைத் தாண்டினா கூப்பிடுங்க." வைத்துவிட்டார்.

கம்பவுண்டர் அக்கா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். ஜன்னல் வழியாகக் கட்டைவிரலை மட்டும் உயர்த்திக் காட்டினார்.

பன்னிரண்டே முக்காலுக்கு ஐம்பத்தாறு. பாப்பா முன்னங்காலால் தரையைப் பறித்துக்கொண்டே இருந்தது. படுக்கப் போகும், குதிரைக்காரர் கயிற்றை இழுத்து எழுப்புவார். "ஏந்திரு பாப்பா. சாய்ங்காலம் பீச்சுக்குப் போவணும்ல" என்பார். கடைக்கு லீவு போட நினைக்கும் பையனிடம் பேசுவது மாதிரி.

ஒன்றேகால். இரண்டு விரலை வைத்தேன். கயிறு விரலுக்கடியில் வேகவேகமாக உருண்டது. முப்பத்தாறு வரை எண்ணினேன், அரை நிமிடம். எழுபத்திரண்டு.

இனி நடந்ததைக் கொஞ்சம் மெதுவாகச் சொல்கிறேன். கோர்ட்டில்கூட இதை இவ்வளவு மெதுவாகக் கேட்டிருக்க மாட்டார்கள்.

முதலில் என் கை சட்டைப்பைக்குப் போனது. போனைத் தொட்டது. அப்போது மருந்தறையிலிருந்து, "ஊதப்போறாரு, காதைப் பொத்திக்குங்க" என்று அக்கா சொன்னார். குதிரைக்காரர் சிரித்தார். அந்த நிலைமையிலும் அவருக்குச் சிரிப்பு வந்தது. நான் கையை வெளியே எடுத்துவிட்டு என் விரல்களைப் பார்த்தேன். இரண்டு விரல்தான் வைத்திருந்தேன். ஆனால் கட்டைவிரல் தாடையின் வெளிப்பக்கத்தில் பட்டும் படாமலும் சாய்ந்திருந்தது. காதுக்குள் என் இதயம் தட்டுவது எனக்கே கேட்டது. ஆஹா, பிடித்துவிட்டேன் என்று நினைத்தேன். மறுபடி என்னையே எண்ணியிருக்கிறேன்.

திரும்ப எண்ணினேன். எழுபத்து நாலு. பயம் கூடினால் என் நாடியும் கூடத்தானே செய்யும்? என் சந்தேகம் தீர்ந்தது. பலகையில் ஐம்பத்தாறு என்று எழுதினேன். முன்பு எழுதியதையே எழுதினால் தப்பு வராது என்று ஒரு கணக்கு. கடையில் ஸ்டாக் எடுக்கும்போது பார்த்துப் பழகியது.

ஒன்றே முக்காலுக்குச் சற்று முன்னால் பாப்பா அமைதியானது.

தரையைப் பறிப்பதை நிறுத்தியது. வயிற்றைத் திரும்பிப் பார்ப்பதை நிறுத்தியது. தலையைக் கொஞ்சம் தாழ்த்திக்கொண்டு, நான்கு காலையும் ஊன்றி, அப்படியே நின்றது. எந்த வெடிச்சத்தமும் கேட்கவில்லை. மாமரத்தில் காக்கை கத்தியது, அவ்வளவுதான். ஸ்டெதஸ்கோப்பை வயிற்றில் நான்கு இடத்தில் வைத்துப் பார்த்தேன். நான்கு இடத்திலும் நிசப்தம். பாவம், இவ்வளவு நேரம் உழைத்த வயிறு, ஓய்வெடுக்கட்டும் என்று நினைத்தேன். நாடி எண்ணினேன். தொண்ணூற்றாறு.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எதிரே குதிரை கோயில் யாளி மாதிரி நிற்கிறது, எனக்கு இன்னும் பதற்றம் அடங்கவில்லையே என்று. பலகையில் நாற்பத்து நாலு என்று எழுதினேன். கையெழுத்து அழகாக வந்தது.

"இன்னா சார் சொல்ற?" என்றார் குதிரைக்காரர்.

"தேறிடுச்சுண்ணே. பாருங்க, எவ்வளவு அமைதியா நிக்குது."

"மெய்யாலுமா?"

"வலி போயிடுச்சு. நாடி இறங்கிடுச்சு."

அவர் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். "உன் கை ராசியான கை நைனா." உடனே வீட்டுக்கு போன் போட்டார். "ஏ, பாப்பா பொழச்சிக்கிச்சு. அழுவாத. சாருதான் கூடவே நின்னுக்கினு பாத்துக்கினாரு." போனை என் பக்கம் நீட்டினார். முகம் தெரியாத ஒரு அம்மா எனக்கு நன்றி சொன்னார். பரவாயில்லைம்மா, இது எங்க கடமை என்றேன். எங்க என்றேன், என்னையும் டாக்டரையும் சேர்த்து.

"நீங்க போய்ச் சாப்பிட்டு வாங்கண்ணே, நான் இருக்கேன்."

"குளத்தாண்ட அகத்திக்கீரை விப்பாங்க, பாப்பாவுக்குப் புடிக்கும். இப்ப துண்ணக் கூடாதுன்னா மோந்தாச்சும் பாக்கட்டும்" என்று சைக்கிளை இரவல் வாங்கிக்கொண்டு மயிலாப்பூர் பக்கம் போனார்.

கம்பவுண்டர் அக்கா டிபன் டப்பாவோடு வெளியே வந்தார். "என்னண்ணே, சைரன் ரிப்பேரா? ஒரு மணி நேரமா சத்தத்தையே காணோம்."

"பக்குவம் வந்துடுச்சுக்கா" என்றேன். அவருடைய எலுமிச்சை சாதத்தில் இரண்டு வாய் வாங்கிச் சாப்பிட்டேன். அந்த மூன்று மாதத்தில் அவ்வளவு நிம்மதியாக நான் சாப்பிட்டதில்லை. பாப்பா எங்களைப் பார்த்துக்கொண்டே நின்றது. தோள்பட்டைத் தோல் மட்டும் அவ்வப்போது நடுங்கியது. ஈ உட்காருகிறது என்று நினைத்து, எழுந்து போய் ஒரு துண்டால் விசிறிவிட்டேன்.

இரண்டு பத்துக்கு டாக்டர் வந்தார். சட்டையில் இன்னொரு குதிரையின் ரத்தம் காய்ந்திருந்தது. கேட் அருகிலேயே நின்றுவிட்டார். அங்கிருந்தே பாப்பாவைப் பார்த்தார். நடந்து வந்து அதன் காதைத் தொட்டார். மேலுதட்டைத் தூக்கினார். ஈறு நாவல்பழம் தின்ற வாய் மாதிரி இருந்தது. ஈறின் நிறம் என்ற கட்டத்தை நான் பன்னிரண்டு மணிக்கு மேல் நிரப்பவே இல்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

பலகையைப் படித்தார். ஐம்பத்திரண்டு, ஐம்பத்தாறு, ஐம்பத்தாறு, நாற்பத்து நாலு.

"கையைக் குடுங்க சார்."

"எதுக்கு டாக்டர்?"

"குடுங்க."

இடது கையை பாப்பாவின் தாடைக்கடியில் வைத்தார். வலது கையால் என் மணிக்கட்டைப் பிடித்தார். சுவர்க்கடிகாரத்தைப் பார்த்தபடி முதலில் அதை எண்ணினார், பிறகு என்னை. அக்கா டிபன் டப்பாவை மூடாமல் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

"இதுக்கு நூறு," என்றார். "உங்களுக்கு எழுபத்தாறு. சாப்ட்டவுடனே அவ்ளோ இருக்கும். நீங்க நல்லா இருக்கீங்க சார்."

என் கையை விட்டார்.

"ஒண்ணேகாலுக்கு எவ்ளோ எண்ணினீங்க? எழுதினதைக் கேக்கல."

"எழுபத்திரண்டு."

அவர் திட்டவில்லை. 'சார்' கூடச் சொல்லவில்லை. வயிற்றடியில் ஒரு இடத்தை மழித்து, ஊசி குத்தினார். தெளிவாக வர வேண்டிய நீர் பச்சையும் பழுப்புமாக வந்தது. அதில் இரண்டு சோற்றுப் பருக்கைகள் மிதந்தன. இரைப்பைக்கு வெளியே, இருக்கவே கூடாத இடத்தில் சோறு.

"வெடிச்சா வலி நின்னுடும்," என்றார், ஊசியைத் தட்டில் வைத்துக்கொண்டே. "அழுத்தம் போயிடுது இல்ல. கொஞ்ச நேரம் சும்மா நிக்கும். அப்புறம் விழும். அது விழறதுக்கு முன்னாடி நாம முடிச்சிடணும்."

குதிரைக்காரர் அகத்திக்கீரைக் கட்டோடு வந்தபோது மருந்து தயாராக இருந்தது. டாக்டர்தான் அவரிடம் சொன்னார். வயிறு கிழிந்துவிட்டது, சோற்றால் வந்தது, இனி வலியில் விழும், ஊசி போட்டால் தூங்கிவிடும் என்று. அவர் டாக்டரைப் பார்க்காமல் என்னையே பார்த்தார். தேறிவிட்டது என்று சொன்ன ஆள் நான்தானே. நான் கீரைக்கட்டைப் பார்த்தேன். பிறகு அவர் பாப்பாவின் பிடரியில் இருந்த ஜிகினா நாடாவை ஒவ்வொரு முடிச்சாக அவிழ்த்தார். அதற்குப் பத்து நிமிடம் ஆனது. யாரும் அவசரப்படுத்தவில்லை.

"நாந்தான் சோறு போட்டுக் கொன்னுட்டேன்," என்றார். "நீ இன்னா பண்ணுவ நைனா. நீ கூடவே நின்ன."

ஒன்றேகாலுக்கு நான் எண்ணியது எழுபத்திரண்டு. அது குதிரையின் நாடி. போன் என் சட்டைப்பையில் இருந்தது. டாக்டர் இருபது நிமிடத் தூரத்தில் இருந்தார். நான் கூப்பிடவில்லை. பாப்பா இரண்டு ஐம்பதுக்குச் செத்தது. குதிரைக்காரரிடம் அதை நான் இன்றுவரை சொல்லவில்லை.